மஞ்சள் பலகை அண்ணையும் ஒரு மணி பத்து நிமிடமும்

சுவிட்சர்லாந்துக்கு விருந்தாளியாக வந்த தமிழர்களில் கால் வீங்காமல் திரும்பிப் போனவர் ஒருவர்கூடக் கிடையாது. அதற்குக் குளிர் காரணமில்லை, சப்பாத்தும் காரணமில்லை. வின்டர்தூரில் இருக்கும் ஒரேயொரு மனிதர்தான் காரணம். ரொறன்ரோவில் ஒரு கல்யாணவீட்டில் யாராவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலி தேடினால், "என்ன, சுவிசுக்குப் போனனீங்களோ?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பாராம். "ஓம், மஞ்சள் பலகையிட்டை மாட்டுப்பட்டுப் போனம்" என்று பதில் வருமாம்.

சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பளத் துண்டைத் தவிர வேறெங்கும் அது பாவனையில் இல்லை. ஆளைத் தேடி வந்த தபால்காரரே எங்கள் தமிழ்க் கடையில் விசாரித்தபோது, கடைக்காரர் அரைமணி நேரம் யோசித்துவிட்டு அப்படி ஒரு ஆள் இந்த ஊரில் இல்லை என்று அனுப்பிவிட்டார். அண்ணை அந்த நேரம் அதே கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றார்.

பட்டப் பெயர் வந்த கதை எளிது. இந்த நாட்டில் காட்டுக்குள்ளும் மலையிலும் நடைபாதை பிரிகிற இடமெல்லாம் ஒரு மஞ்சள் பலகை நிற்கும். போகவேண்டிய இடத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் நேரம் போட்டிருப்பார்கள். எத்தனை கிலோமீற்றர் என்று இருக்காது. ஒரு மணி பத்து நிமிடம், இரண்டு மணி நாற்பது நிமிடம் என்று நடக்க எடுக்கும் நேரம் மட்டும் இருக்கும். உங்களுக்கும் எனக்கும் அது ஒரு தகவல். அண்ணைக்கு அது கோர்ட்டுத் தீர்ப்பு. பலகை ஒரு மணி பத்து என்று சொன்னால் ஒரு மணி பத்தில் போய் நிற்கவேண்டும். பதினோராவது நிமிடம் ஆகிவிட்டால் அன்று முழுக்க முகத்தை உர்ரென்று வைத்திருப்பார்.

ஒருமுறை மூச்சு வாங்க வாங்கக் கேட்டேன். "அண்ணை, அந்த நேரம் சுவிஸ்காரன்ரை காலுக்கெல்லோ போட்டது?"

"ஐசே, அவனுக்கு எத்தினை கால்?"

"ரெண்டு."

"உமக்கு?"

நான் நடையை எட்டிப் போட்டேன்.

எங்கள் சிநேகிதம் ஒரு கட்டில் விரிப்பில் தொடங்கியது. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு பெரிய சலவைச் சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரிகளில் இருந்து வரும் விரிப்புகளைத் தோய்த்து, காய வைத்து, இஸ்திரி போடும் உருளை மெசினுக்குள் கொடுக்கவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு மூலை எனக்கு, மற்ற மூலை அண்ணைக்கு. ஒரு நாளைக்கு எத்தனை நூறு விரிப்பு போகுமோ தெரியாது, ஒவ்வொரு விரிப்புக்கும் ஒரு மலை என்ற கணக்கில் கதை வரும். புதன்கிழமை ஆனதும் கதை நின்றுவிடும். "சனிக்கிழமை ஆறு பத்து ரெயின். ஏழாம் பிளாற்போம்" என்பார். வாறீரோ என்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை. வரமாட்டேன் என்று நான் சொன்னதும் ஒருபோதும் அவர் காதில் விழுந்ததில்லை. சனிக்கிழமை ஆறு ஒன்பதுக்கு நான் ஏழாம் பிளாற்போமில் நிற்பேன். ஏன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

ஆளைப் பார்த்தால் மலையேறுகிறவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கட்டையான உருவம், தலையில் செம்மஞ்சளாய், தோடம்பழ நிறத்தில் ஒரு கம்பளித் தொப்பி. முதுகில் ஒரு பை. அந்தப் பைக்குள் மூன்று குடை, ஒரு போத்தல் நோவெண்ணெய், இரண்டு சோடி பெண்கள் சப்பாத்து. தனி ஆளாக ஒற்றை அறை வீட்டில் இருக்கிற மனிதரின் பைக்குள் பெண்கள் சப்பாத்து ஏன் என்று சந்தேகப்பட வேண்டாம். விருந்தாளியாக வருகிற பெண்கள் எல்லோரும் குதிக்கால் உயர்ந்த சப்பாத்தோடுதான் மலைக்கு வருவார்கள் என்பது அவருடைய அனுபவம். "முப்பத்தேழும் முப்பத்தொன்பதும். எங்கடை பொம்பிளையளின்ரை கால் இந்த ரெண்டுக்குள்ளை அடங்கும்" என்பார்.

எங்கள் ஆட்களின் வீட்டுக்கு வெளிநாட்டில் இருந்து யாராவது வந்து இறங்கினால், வீட்டுக்காரருக்கு லீவு இருக்காது. வந்தவரை நாலு இடம் காட்ட ஒரு ஆள் வேண்டும். அண்ணையைக் கேட்கவேண்டிய அவசியமே வராது. விருந்தாளியின் பெட்டி திறக்க முதல் அண்ணை வாசலில் நிற்பார்.

அப்படித்தான் கனடாவில் இருந்து கல்யாணம் முடித்த கையோடு ஒரு சோடி வந்து மாட்டுப்பட்டது. மாப்பிள்ளைக்குக் கைத்தொலைபேசியைக் கண்ணுக்கு முன்னால் பிடிக்காமல் எதையும் பார்க்கத் தெரியாது. இரண்டு மணி நேரம் ஏற்றத்தில் நடத்தி, ஒரு பாறை முனைக்குக் கொண்டுபோய் அண்ணை அவர்களை நிறுத்தினார். கீழே பச்சையாக ஏரி, சுற்றிவர மலை. மாப்பிள்ளை கையைத் தூக்கினான். அண்ணை தன் உள்ளங்கையால் கமராவைப் பொத்தினார்.

"முதல் கண்ணாலை பாருங்கோ தம்பி. பத்து நிமிசம். படம் பிறகு."

"பத்து நிமிசம் என்ன அங்கிள் பாக்கிறது? நான் பாத்திட்டன்."

"பாக்கேல்லை. இன்னும் ஒம்பதே முக்கால் நிமிசம் கிடக்கு."

எட்டாவது நிமிடத்தில் மாப்பிள்ளை கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி நித்திரையாகிவிட்டான். தன் புருஷன் சும்மா ஓரிடத்தில் நின்றதை அன்றைக்குத்தான் முதல் தடவை கண்டதாகப் பெண் என் மனைவியிடம் சொன்னாள். ரொறன்ரோவில் இருந்து இன்றைக்கும் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அண்ணைக்கு ஒரு வாழ்த்து அட்டை வருகிறது. பெண்தான் அனுப்புகிறாள்.

இன்னொரு முறை சூரிச்சில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற ஒரு சென்னைத் தம்பதி எங்களோடு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். அந்தப் பெண் பாதி வழியில் கேட்டாள். "அங்கிள், இங்கதானே ஏதோ பாட்டு ஷூட் பண்ணாங்க? ஹீரோயின் சேலையோட ஓடி வருவாங்களே, அந்த ஸ்பாட் எது?"

அண்ணை நின்று மலையை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை, இந்தச் சரிவிலை ஓடினால் ஆஸ்பத்திரியிலைதான் நிக்கலாம். பாட்டு அங்கை எடுத்திருப்பினம்."

"அப்ப கேபிள் கார்ல போயிடலாமா அங்கிள்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கேபிள் கார் என்ற சொல்லை அவர் முன்னால் யாரும் சொல்லக்கூடாது. "பெட்டிக்குள்ளை ஏறி நிண்டு, பெட்டிக்குள்ளை இருந்து இறங்கிறதுக்கு உங்கடை வீட்டிலை லிப்ட் இல்லையோ?" என்று தொடங்கி, உச்சி வரும்வரை அண்ணை நிறுத்தவில்லை. ஒரு நன்மை, கோபம் வந்தால் அவர் வேகமாக நடப்பார். பலகையில் போட்ட நேரத்துக்கு நாலு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

காட்டுக்குள் எதிரே வருகிற ஆட்களுக்கு வணக்கம் சொல்வது இந்த நாட்டு வழக்கம். நகரத்துத் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள்கூட மரங்களுக்கு நடுவில் கண்டால் "குறூயெட்சி" என்பார்கள். அண்ணை இதையும் சட்டமாக்கிவிட்டார். எங்களில் ஒவ்வொருவரும், எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும், தனித்தனியாகச் சொல்லவேண்டும். ஒருநாள் ஒரு வளைவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வகுப்பே வரிசையாக இறங்கி வந்தது. நாங்கள் எட்டுப் பேர். அவர்கள் இருபத்துநாலு பேர். கடைசிப் பிள்ளை தாண்டிப் போனபோது என் மனைவிக்குத் தொண்டை கட்டிவிட்டது. இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது. அந்த உதவிக்கு அண்ணைக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை.

அவருக்கும் தோல்வி இருந்தது. ஒரு கோடையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். நாற்பது பேர், ஐந்து வான், மூன்று பெரிய சட்டி. உச்சிக்குக் கொண்டுபோய்க் காட்டுவேன் என்று சபதம். முக்கால்மணி நேரம் எல்லோரும் ஒழுங்காகத்தான் நடந்தார்கள். பிறகு காட்டுக்குள் ஒரு வெளி வந்தது. அங்கே கல் அடுக்கிய நெருப்பிடம், சுற்றிவர இருக்கிறதுக்கு வாங்குகள், கூரைக்குக் கீழே யாரும் எடுக்கலாம் என்று வெட்டி அடுக்கிய காய்ந்த விறகு. சும்மா கிடக்கும் விறகைக் கண்டபிறகு தமிழ்க் கூட்டம் ஒரு அடி நகருமா? ஒருவர் பாயை விரித்தார். இன்னொருவர் ஆட்டிறைச்சிக் கறியைச் சூடாக்கினார். புட்டுச் சட்டி திறந்தது. சீட்டாடக் கடுதாசிக் கட்டும் வெளியே வந்தது.

"இன்னும் இருவத்தைஞ்சு நிமிசம்!" அண்ணை தடியை ஊன்றிக்கொண்டு கத்தினார். "இருவத்தைஞ்சு நிமிசம் நடந்தால் மூண்டு ஏரி தெரியும்!"

"ஏரி எங்கையும் ஓடாது அண்ணை. கறி ஆறிப்போம்" என்றது புட்டுச் சட்டிப் பக்கம்.

அண்ணை தனியே போனார். சரியாக ஐம்பதாவது நிமிடத்தில் திரும்பி வந்து, நின்றபடியே சாப்பிட்டார்.

திங்கட்கிழமை விரிப்பைப் பிடிக்கும்போது நான் கேட்டேன். "ஏன் அண்ணை இவ்வளவு பிடிவாதம்? வந்தவை சிரிச்சுச் சாப்பிட்டுட்டுப் போகினம். அது காணாதே?"

மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணை விரிப்பின் மூலையை நீவிவிட்டார். பிறகு சொன்னார்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னர் அகதியாக வந்தவரை ஒரு மலையடிக் கிராமத்துக் காம்பில் போட்டார்கள். கார்த்திகை மாதம். பனிமூட்டம். இந்தப் பகுதியில் அந்த மாதத்தில் மூட்டம் இறங்கினால் கிழமைக்கணக்கில் வெயிலைக் காண முடியாது. "இந்த நாட்டிலை சூரியனே இல்லையெண்டு நினைச்சன் ஐசே. மற்றப் பெடியள் கட்டிலை விட்டு எழும்பமாட்டாங்கள். வழக்கு முடியுமட்டும் நாட்டை விட்டு வெளியாலை போகேலாது எண்டு கடுதாசி தந்தாங்கள். சரி, வெளியாலைதானே போகேலாது, மேலை போகலாம்தானே எண்டு வெளிக்கிட்டன்." காட்டோரத்தில் ஒரு மஞ்சள் பலகை. அவருக்கு ஜேர்மன் ஒரு சொல்லும் தெரியாது. அந்தப் பலகையில் அவரால் வாசிக்க முடிந்தது நேரம் மட்டும்தான். ஒரு மணி பத்து நிமிடம். மூட்டத்துக்குள்ளால் நடந்தார். மேலே போனதும் திடீரென்று தலைக்கு மேல் நீல வானம். காலுக்குக் கீழே மூட்டம் கடல்போலக் கிடந்தது. அதற்கு அப்பால் வரிசையாகப் பனி மலைகள்.

"இதை அக்காவுக்குக் காட்டவேணும் எண்டு நினைச்சன்" என்றார். "வேறை ஒண்டும் நினைக்கேல்லை."

தாய் இல்லாத வீட்டில் அவரை வளர்த்தது அந்த அக்காதான். அகதிக்குக் கொடுக்கிற பயணப் பத்திரத்தோடு உலகம் முழுக்கப் போகலாம், சொந்த நாட்டுக்குத்தான் போக முடியாது. ஆகவே அண்ணை சொந்த ஊரான கொக்குவிலுக்குப் போகவில்லை. அக்காவுக்கு இரண்டு முறை விசா மறுத்தார்கள். மூன்றாவது முறை, அவருக்கு அறுபத்தாறு வயதாகி, இரண்டு முழங்காலும் தேய்ந்தபிறகு, அந்தச் சுற்றுலா நடந்த வருடமே இலையுதிர் காலத்தில், மூன்று கிழமைக்குக் கொடுத்தார்கள்.

விமான நிலையத்துக்கு நானும் போனேன். ஆட்கள் பூங்கொத்தோடு நின்றார்கள். அண்ணை முப்பத்தேழாம் சைஸ் சப்பாத்தோடு நின்றார். கண்ணாடிக் கதவு திறந்து, சாம்பல் சேலைக்கு மேல் தடித்த ஸ்வெட்டர் போட்ட ஒரு மெலிந்த பெண் வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார். முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அக்காவிடம் அண்ணை கேட்ட முதல் கேள்வி இது: "அக்கா, கால் என்ன சைஸ்?"

அவர் பதில் சொல்ல முதல் வண்டிலைப் பறித்துக்கொண்டு ரெயின் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். அக்கா என்னைப் பார்த்தார். "இவன் எங்கை மோனை ஓடுறான்?" என்றார்.

வருட லீவு முழுவதையும் அண்ணை எடுத்திருந்தார். ஒரு கொப்பியில் இருபத்தொரு நாளுக்கும் அட்டவணை. அருவி, ஏரி, பாறை முனை, ஊசியிலைக் காடு, திரும்பவும் ஏரி. நொஷாட்டல் ஏரிக்கரையில் அக்கா, "நல்ல காத்து. இதிலை கொஞ்சம் இருந்து கதைப்பமே?" என்று கேட்டாராம். "பதினொண்டு நாப்பத்திரண்டுக்கு ரெயின்" என்றாராம் அண்ணை. வீட்டுக்கு வந்தால் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அதற்கு மேலேயே நித்திரை. "இவனோடை ரெண்டு சொல்லுக் கதைக்கிறதுக்கு எந்த அரசாங்கக் கந்தோரிலை நம்பர் எடுக்கவேணும் பிள்ளை?" என்று அக்கா என் மனைவியிடம் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மனைவிக்கு அது சிரிப்பாகப் படவில்லை.

தன்னுடைய அந்த முதல் இடத்தை அண்ணை கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு விமானம். முழங்கால் இருக்கிற நிலையில் அவர் இன்னொருமுறை வருவார் என்று யாரும் நம்பவில்லை. காட்டுவதென்றால் அன்றைக்குக் காட்டினால்தான்.

அந்த ஞாயிறு விடிந்தபோது என் வீட்டு ஜன்னலால் எதிர்வீடு தெரியவில்லை. ஏழு மணிக்கு அண்ணை அக்காவோடு வந்து நின்றார். காரில் கூட்டிக்கொண்டு போவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"அண்ணை, இந்த மூட்டத்திலை..."

"கீழை மூட்டமெண்டால் மேலை வெயில். இது தெரியாதே உமக்கு?"

இங்கே பிறந்த என் மகள் கைத்தொலைபேசியை நீட்டினாள். அந்த உச்சியில் ஒரு கமரா பூட்டியிருக்கிறார்கள், அதை வீட்டில் இருந்தே பார்க்கலாம். "மாமா, இஞ்ச லுவெக். மேலயும் முழுக்க நெபல். ஒண்டும் தெரியேல்ல." பார் என்பதும் மூட்டம் என்பதும் அவளுக்கு ஜேர்மனில்தான் வரும்.

அண்ணை அதைப் பார்க்கக்கூட இல்லை. "கமரா சொல்லுறதைக் கேட்டு மலைக்குப் போறவன் நானில்லை பிள்ளை. அது கண்ணாடியிலை ஊத்தை."

கண்ணாடி துடைத்துத்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். கமராவை அவர் பகைத்துக்கொண்டதற்கான வட்டி அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகளை வீட்டில் விட்டுவிட்டு, அண்ணையும் அக்காவும் மனைவியும் நானுமாகக் காரில் ஏறினோம்.

காட்டோரத்தில் காரை விட்டோம். மஞ்சள் பலகை அதே ஒரு மணி பத்தைக் காட்டியது. மரங்களில் இருந்து தண்ணீர் சொட்டியது. ஈரச் சருகு. பத்து அடிக்கு அப்பால் மரம் இல்லை, வெறும் நிழல். அண்ணை முன்னே போவார். தோடம்பழத் தொப்பி மறையும். ஒரு வளைவில் நின்று, "அக்கா, இன்னும் கொஞ்சத் தூரம்தான்!" என்று குரல் கொடுப்பார். அக்கா ஒரு கையால் என் தோளையும் மறுகையால் தடியையும் பிடித்துக்கொண்டு அந்த வளைவுக்குப் போய்ச் சேர, தொப்பி அடுத்த வளைவுக்குப் போய்விடும். வழியில் ஒரு நெருப்பிடம் வந்தது. மனைவி சாப்பாட்டுப் பையோடு அங்கேயே இருந்துவிட்டாள்.

"அக்கா, ஏலாட்டில் திரும்புவம்" என்றேன்.

"ஏலாதுதான். ஆனால் நடப்பம் மோனை."

"சின்னனிலையும் இப்பிடித்தானோ ஆள்?"

"சின்னனிலையோ? சோம்பேறி! கிணத்தடிக்கு நடக்கப் பஞ்சியிலை குளிக்காமல் திரிஞ்சவன்." அக்கா நின்று மூச்சு வாங்கினார். "வீட்டிலை ஒரு இடத்திலை இருந்தால் இருந்ததுதான். என்ரை சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை வருவான். இப்ப பாரன்."

இரண்டு மணி இருபது நிமிடம் எடுத்தது. அண்ணை மணிக்கூட்டைப் பார்க்கவேயில்லை. உச்சியில் ஒரு கைப்பிடிக் கம்பி, ஒரு மர வாங்கு, தெரிகிற மலைகளின் பெயர்களைக் கீறி வைத்த ஒரு உலோகத் தகடு. கம்பிக்கு அப்பால் வெள்ளை. மேலேயும் வெள்ளை. மூட்டம் அன்றைக்கு உச்சியையும் விழுங்கிவிட்டு அதற்கு மேலே எங்கேயோ முடிந்திருந்தது.

"கொஞ்சம் பொறுங்கோ. இப்ப விலகும்" என்றார் அண்ணை.

பத்து நிமிடம் பொறுத்தோம். அரைமணி பொறுத்தோம். அண்ணை தகட்டில் விரலை வைத்து, வெள்ளைக்குள் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். "அக்கா, இதிலை வந்து நில்லுங்கோ. நேர அங்கை, பெரிய மலை. அதுக்குப் பக்கத்திலை ரெண்டு கூர். கீழை ஏரி. இந்தக் கைப்பக்கம் பாருங்கோ. இல்லை, இன்னும் கொஞ்சம் இஞ்சாலை." அக்கா சொன்ன இடத்தில் எல்லாம் நின்றார். சொன்ன பக்கம் எல்லாம் பார்த்தார். அண்ணையின் குரல் நடுங்கத் தொடங்கியது.

"இருந்தது அக்கா. அண்டைக்கு எல்லாம் இருந்தது. நான் பொய் சொல்லேல்லை."

"பொய்யெண்டு ஆர் சொன்னது?"

"செவ்வாய்க்கிழமை போயிடுவியள். இதைக் காட்டாமல் எப்பிடி நான்... இன்னும் அஞ்சு நிமிசம் பாப்பம். இல்லாட்டில் அங்காலை இன்னொரு முனை கிடக்கு, இருவது நிமிசம்தான், நான் ஓடிப்போய்ப் பாத்திட்டு..."

"டேய் தம்பி."

அண்ணை நின்றார்.

"எங்கை ஓடுறாய்? மூண்டு கிழமையா ஏரி பாத்தன். காடு பாத்தன். தண்ணி விழுறதைப் பாத்தன். மிச்ச நேரமெல்லாம் உன்ரை முதுகைத்தான் பாத்தன். இந்த மலையளைப் பாக்கவோ நான் மூண்டு முறை விசாவுக்கு வெயிலுக்கை வரிசையிலை நிண்டனான்?" அக்கா வாங்கில் போய் இருந்துகொண்டு, பக்கத்து இடத்தைக் கையால் துடைத்தார். "இதிலை இரு. உன்ரை முகத்தை ஒருக்கால் வடிவாய்ப் பாப்பம்."

யாராவது சொல்லி அண்ணை கேட்டதை நான் அதுவரை கண்டதில்லை. பையைக் கழற்றி நிலத்தில் வைத்தார். போய் இருந்தார். அக்கா அவருடைய தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். தன் மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டார். தம்பியின் நாடியைப் பிடித்து முகத்தை இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா நரைச்சுப்போச்சு" என்றார். பிறகு, "மூக்கு அப்பாவின்ரை மூக்கு. போகேக்கை இப்பிடி இருக்கேல்லை" என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார். அண்ணையும் அசையாமல் இருந்தார். கண்ணீர் ஓடி நாடியில் இருந்த அக்காவின் விரல்களில் இறங்கியது. இரண்டு பேரும் அதைத் துடைக்கவில்லை.

எனக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. மெல்ல நகர்ந்து கம்பியடிக்குப் போய், ஒன்றுமில்லாத அந்த வெள்ளையை வெகு கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதுகுக்குப் பின்னால் கதை தொடங்கிவிட்டது. யாரோ செத்தது, யாருக்கோ பிள்ளை பிறந்தது, எந்த மாமரம் பட்டுப்போனது. மூன்று கிழமையாகக் கதைக்காமல் கிடந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது.

கடைசியில் அண்ணைக்கு என் ஞாபகம் வந்தது. "ஐசே!" என்று கூப்பிட்டார். "அங்கை என்ன பாக்கிறீர்? ஒண்டும் தெரியேல்லையே."

"இல்லை அண்ணை. நல்லா வடிவாய்த் தெரியுது" என்றேன்.

திரும்பி நின்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் முகத்தை அவர் பார்த்துவிடுவாரே.